கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துபவன்

சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, அர்ஜுனன் இருமல் மருந்துப் புட்டியிலிருந்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தான். ரிமோட்டில் ஓடும் ஒரு குட்டி வண்டியின், கட்டைவிரல் அளவே உள்ள ஷாக் அப்சர்பர். அதற்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. நின்றால் மேட்டில் ஏறி இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாகத் துள்ளும். இதற்கென்றே ஜப்பானிலிருந்து வரும் எண்ணெயைக் கடையில் சின்னக் குப்பியில் அடைத்து விற்றார்கள். அர்ஜுனன் ஊற்றியது அதுவல்ல. அவன் ஃபோட்டோஸ்டேட் மெஷின் பழுதுபார்க்கிறவன். மெஷினுக்குள் சுடச்சுடச் சுழலும் உருளையில் தாள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிலிக்கான் எண்ணெய் தடவுவார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் அதில் கொஞ்சம் மிஞ்சும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் துணியில் துடைத்து எறிந்துகொண்டிருந்தவன், இந்தக் குட்டி வண்டி வீட்டுக்கு வந்த பிறகு புட்டியில் சேர்க்க ஆரம்பித்தான்.

வண்டியும் புதிதல்ல. பினாங்கின் கெலுகோரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கியிருந்தார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய ஒருவன் மெத்தை, மின்விசிறி, அரிசிக் குக்கர் ஆகியவற்றோடு இதையும் விற்பதற்காக வாசலில் வைத்திருந்தான். மற்றதெல்லாம் போய்விட்டது. முன்பக்கம் உடைந்து, கம்பி அறுந்து கிடந்த ரேடியோ வண்டியை மட்டும் யாரும் சீண்டவில்லை. அர்ஜுனன் அதைப் பெட்டியோடு தூக்கி வந்தபோது, பெட்டியின் மேல் 'Buggy' என்று இருந்த ஆங்கில எழுத்தை மனைவி நவமணி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பக்கியாம். ஒங்களப் பாத்துட்டுத்தான் பேரு வச்சிருக்கான்."

அவன் மறுக்கவில்லை. உண்மையில் அந்தக் கஞ்சத்தனத்தில்தான் அவனுக்கு இன்பமே இருந்தது. கடைக்குப் போய்ப் பாகம் வாங்கி மாட்டுவதில் என்ன இருக்கிறது? பினாங்கு ரோட்டில் இருந்த விளையாட்டுச் சாமான் கடைக்கு அவன் வாரம் தவறாமல் போவான். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு பாகத்தையும் நிதானமாகப் பார்ப்பான். என்ன செய்கிறது, ஏன் அந்த வடிவம், எதனால் அந்த விலை என்று யோசிப்பான். பிறகு ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, தன்னிடம் இருப்பதில் எது அந்த வேலையைச் செய்யும் என்று தேடுவான். வண்டியின் சக்கரங்கள் பிளாஸ்டிக் வளையங்களில் சுழன்றன. கழித்துப்போட்ட மெஷின்களிலிருந்து எடுத்த எஃகு பேரிங்குகளை அவற்றுக்குப் பதிலாகப் பொருத்தினான். துளை கொஞ்சம் பெரிதாக இருந்தது. குளிர்பான டின்னின் தகட்டைக் கத்தரித்து அச்சில் ஒரு சுற்றுச் சுற்றியதும் சரியாக உட்கார்ந்துகொண்டது. முன் பம்பர், வார் அறுந்த ரப்பர் சிலிப்பரிலிருந்து வெட்டியது. மேல்கூட்டின் விரிசலுக்கு உள்பக்கமாக மருந்துக்கடை வலைத்துணியை வைத்துச் செருப்புக்கு ஒட்டும் பசையால் ஒட்டியிருந்தான். சக்கரத்தைச் சுண்டிவிட்டால் வெகுநேரம் சத்தமில்லாமல் சுழலும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிடுவான்.

ஆனால் அவனுக்கு ஓட்ட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், வீடுகள் கட்டுவதற்காக மட்டம் தட்டிப் போட்டிருந்த ஒரு நிலத்தில் இதே மாதிரி வண்டிகளோடு பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை, நடுவில் பலகையில் ஒரு மேடு. அர்ஜுனன் ரிமோட்டைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவான். ஒரு வாரமாக அடுப்படியில் பார்த்துப் பார்த்துச் செய்தது எவ்வளவு வேகம் போகும் என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு. வண்டி நேராகப் போகும், வளைவு வரும், அவன் விரல் விடாது. குழாயில் மோதும் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "நம்ம அண்ணனோட வண்டி ஓட்டுறதுக்கு இல்ல, ரிப்பேர் பாக்குறதுக்குத்தான்" என்று ஹனீபா ஒருமுறை சொன்னான். அதில் குத்தல் எதுவும் இல்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அப்பாவின் பணமாற்றுக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஹனீபா நல்ல பையன். வருடத்துக்கு ஒரு புது வண்டி வாங்குவான். ஏதாவது உடைந்தால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான்.

நவமணி அந்த நிலத்துக்கு வந்தது தற்செயலாகத்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடிந்து, ஓவர்டைமும் பார்த்துவிட்டு, சீருடையோடு அந்த வழியாக நடந்து வந்தாள். அர்ஜுனன் தரையில் கன்னம் படும்படி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று ஓடும்போது பார்க்க வேண்டும், மற்றவர்கள் கிளம்பிவிட்டதால் ஓட்டுவதற்கு ஆளில்லை.

"இத கொஞ்சம் புடி. மெதுவா ஓட்டு. நான் கீழேர்ந்து பாக்கணும்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ரிமோட்டை வாங்கினாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். முதல் சுற்றில் அவன் பின்சக்கரம் ஒன்று ஆடுவதைக் கண்டுபிடித்துவிட்டான். "போதும்" என்றான். அவள் நிறுத்தவில்லை. வண்டி குழாயை உரசாமல், மேட்டில் ஏறி நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரை தொட்டு இறங்கி, மறுபடியும் அவனைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் துளித்துளியாக ஏறியது. தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை அவளுக்கு. கை ஓரிடத்தில் அசைய, அசைவு வேறோர் இடத்தில் தெரிவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அர்ஜுனன் அன்று அதையெல்லாம் நினைக்கவில்லை. தான் செய்த வண்டி இப்படித்தான் ஓடும் என்பதை அவன் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான். முழங்காலில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவளிடம், "எப்படி ஒரு எடத்துலயும் இடிக்கல நீ?" என்று கேட்டான்.

"இடிச்சா ஒரு வாரம் அடுப்படிய விட்டு நீங்க எந்திரிக்க மாட்டீங்க. அத நெனச்சேன்."

அதற்குப் பிறகு சில மாதங்கள் அவர்களுக்கு நன்றாகப் போயின. கல்யாணமாகி ஆறேழு வருடங்களில் வாடகை, ஷிஃப்ட், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்பதைத் தவிரப் பேச வேறொன்று கிடைத்தது அப்போதுதான். வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்பாள். அவன் ஸ்பிரிங்கை மாற்றுவான். டயரின் முட்கள் தேய்ந்துவிட்டதும் இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றிப் போட்டு இன்னும் சில வாரம் ஓட்டலாம் என்று அவன் சொன்னபோது அவள் சிரித்தாள், ஆனால் ஓட்டினாள். உடைவது நின்றுபோனதால் அவனுக்குப் பழுதுபார்க்கும் வேலை குறைந்து, மேம்படுத்தும் வேலை கூடியது. மோட்டாரைப் பிரித்து உள்ளே இருந்த கரியைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்து எடுத்தான். எடை குறைய வேண்டும் என்று திருகாணிகளை அரத்தால் ராவினான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அவள் ஹனீபாவை முந்தினாள். அடுத்த வாரம் எல்லாரையும் முந்தினாள். தோற்ற சீனப் பையன்கள் வந்து வண்டியைக் குனிந்து பார்த்தார்கள். சிலிப்பர் பம்பரைத் தொட்டுப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எப்போது என்று தெரியாமல் அது "நவமணி அக்கா வண்டி" ஆகிவிட்டது. அர்ஜுனன் அதை முதலில் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், அவன் மட்டும் தனியாகப் போயிருந்தபோது, "அக்கா வரலியா?" என்று கேட்டுவிட்டு எல்லாரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவன் வண்டியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கால் மரத்துப்போனதைப் போல ஓர் உணர்வு. வலி என்று சொல்ல முடியாது.

ஹனீபாவின் கடையை ஒட்டியிருந்த வக்கீல் அலுவலகத்தில் மெஷின் பார்க்கப் போன அன்று ஹனீபா அவனைக் கூப்பிட்டான். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மழை நாளில் வாசல் படியில் வழுக்கி விழுந்திருந்தான்.

"அண்ணே, தாசேக் கெலுகோர்ல ரேஸ் வருதுல. என் புது வண்டி பெட்டியிலயே கெடக்கு. அக்காவ ஓட்டச் சொல்றீங்களா? கப்பு கெடச்சா அக்காவுக்குத்தான்."

"கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்கண்ணே. கட்டாயம் இல்ல லா."

அர்ஜுனன் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் இல்லை. அன்று சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தான், அவள் மதிய ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் அவளுக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் சொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணமும் இல்லை. அன்றுதான் அது வேறு விஷயமாக மாறியது. சொல்லாமல் இருக்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஹனீபாவின் வண்டி எல்லாப் பாகங்களும் புதிதாக, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவதெல்லாம் ஒரே வண்டியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை அவள் ஓட்டினால், பிறகு டின் தகடும் சிலிப்பரும் என்னவாகத் தெரியும் என்று ஒரு யோசனை ஓடியது. அதை ஒதுக்கிவிட்டு மோட்டார் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காய்கறி வாங்கப் போன நவமணியை ஹனீபாவின் மனைவி நூர்ஜான் பார்த்துவிட்டாள். "என்னாக்கா, ஒரு பதிலும் சொல்லல? இஷ்டமில்லன்னா பரவால்ல" என்று கேட்டிருக்கிறாள். நவமணி வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு, நீள பீன்ஸை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள்.

"ஹனீபா ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டாராமே."

"ம்."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் அவள் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"மறக்கல" என்றான்.

அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கத்தி பலகையில் படும் சத்தம் சீராக வந்தது. பீன்ஸ் தீர்ந்த பிறகுதான் பேசினாள்.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். இப்ப சரின்னு நூர்ஜான்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நம்ம வண்டி?"

"நீங்க ஓட்டுங்க. நீங்க செஞ்ச வண்டிதானே."

சண்டை அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் அதைவிடப் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நவமணி ஹனீபாவின் வண்டியைப் பழகினாள். மாவுக்கட்டோடு ஹனீபா பக்கத்தில் நின்றான். முன்னைவிட வேகமாக ஓட்டினாள் என்பது அர்ஜுனனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்த வண்டியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. கேட்டிருந்தால் ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்துக் கொடுத்திருப்பான். யாரும் கேட்கவில்லை.

போட்டியன்று நவமணி நூர்ஜானோடு ஹனீபா வீட்டுக் காரில் போனாள். ஹனீபாவின் தம்பி ஓட்டினான். அர்ஜுனன் வண்டிப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு அவர்களைத் தொடர்ந்தான். தீவிலிருந்து மறுகரைக்குப் போகும் பாலத்தில் ஏறும்வரை கார் கண்ணில் பட்டது. கடல் நடுவில் காற்று பக்கவாட்டில் அடித்தது. அவன் வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் பின்னால் தடவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். நிமிர்ந்தபோது காரைக் காணவில்லை.

தாசேக் கெலுகோரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு திடல். செம்மண்ணைக் குவித்து உண்மையான பாதையாகவே போட்டிருந்தார்கள். ஓட்டுபவர்கள் நிற்க உயரமான மரமேடை. கூடாரங்களில் பேட்டரிகள் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. முதல் ஓட்டம் புதியவர்களுக்கும் மெதுவானவர்களுக்கும். அர்ஜுனனை அதில்தான் போட்டார்கள். அவன் அன்று மோதவில்லை. வளைவு வந்தபோதெல்லாம் விரலை எடுத்தான். கடைசிக்கு முந்தைய ஆளாக முடித்தான். வண்டி முழுசாக வந்து சேர்ந்ததைப் பார்த்து மேடையிலிருந்து இறங்கும்போது, நவமணி கூடாரத்திலிருந்து பார்த்தாளா என்று தேடினான். அவள் ஹனீபாவின் வண்டிக்கு பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஓட்டம் முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு மார்ஷலாக நிற்க வேண்டும் என்பது விதி. வேலை சுலபம். பாதை ஓரத்தில் நிற்பது, கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திவிடுவது. பழுது பார்க்கக் கூடாது. ஓட முடியாததை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அர்ஜுனனுக்குப் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

நவமணி ஆரம்பத்திலேயே முன்னால் வந்துவிட்டாள். மேடையில் இருந்த ஆண்களுக்கு நடுவே அவள் தோள்பட்டை அசையாமல் நின்றது. சிவப்பு வண்டி மேட்டில் ஏறி அவன் முகத்துக்கு நேரே பறந்து இறங்கும்போதெல்லாம் சுத்தமான மோட்டார் சத்தம் கேட்டது. இரண்டாவதாக வந்த, பட்டர்வொர்த் ஊர்ப் பையன் பாதிச் சுற்றுப் பின்தங்கியிருந்தான். ஓட்டம் முடியப் போகும் நேரத்தில், மெதுவாகப் போன ஒரு வண்டியைத் தாண்டும்போது அவள் சக்கரம் அதில் பட்டது. சிவப்பு வண்டி சாய்ந்தபடி மேட்டில் ஏறி, புரண்டு, அர்ஜுனனின் காலடியில் தலைகீழாக வந்து விழுந்தது.

குனிந்து எடுத்தான். எடுத்த வேகத்திலேயே கீழே வைக்கப் போனவனின் உள்ளங்கையில் பின்சக்கரம் ஆடியது. பேரிங் ஆட்டமில்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு அச்சின் நுனிக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு வளைவில் கழன்று விழும். அதை வெளியே எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே விட்டுவிட வேண்டும். அவன் இரண்டையும் செய்யவில்லை. விரல்நுனியால் நட்டைத் திருகினான். மண் சிக்கியிருந்தது, முதலில் பிடிக்கவில்லை, பிறகு ஏறியது. பட்டர்வொர்த் பையனின் வண்டி கடந்து போனது. இன்னொன்று போனது. நட்டு இறுகியதும், வீட்டில் எப்போதும் செய்வதைப் போல, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். மேடையிலிருந்து யாரோ மார்ஷல், மார்ஷல் என்று கத்தினார்கள். வண்டியைத் தரையில் வைத்தான். அது அவன் விரல்களை உரசிக்கொண்டு ஓடியது.

நவமணி மூன்றாவதாக முடித்தாள்.

ஹனீபா நேராக அவனிடம் வந்தான். மாவுக்கட்டுக் கையை இன்னொரு கையால் தாங்கியிருந்தான்.

"அண்ணே, நிமித்தி வுட்டாப் போதும்ல. என்னா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நட்டு லூஸா இருந்திச்சு. சக்கரம் கழண்டிருக்கும்."

"காலையில நான்தானே டயர் மாத்துனேன்." ஹனீபா தன் இடது கையைப் பார்த்தான். பிறகு அர்ஜுனனைப் பார்த்தான். "சரி, விடுங்க லா. வெளாட்டுதானே."

நம்பவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அர்ஜுனனுக்கு அதுவரை தெரியாது. ஹனீபா போன பிறகு அவன் எண்ணெய்ப்பனை நிழலில் போய்த் தன் பெட்டிமேல் உட்கார்ந்தான். நட்டு லூஸாக இருந்தது. அதில் சந்தேகமில்லை. திருகாமல் விட்டிருந்தால் அவள் முடித்தே இருக்க மாட்டாள். அதிலும் சந்தேகமில்லை. ஆனால் இறுகிய பிறகு ஏன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான்? பழக்கம் என்று சொல்லிக்கொண்டான். பழக்கம்தான். அந்தச் சக்கரம் சுழன்றபோது பட்டர்வொர்த் பையனின் வண்டி கடந்துபோய்விட்டிருந்ததா, இல்லை அப்போதுதான் கடந்ததா என்று நினைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது.

நவமணி வந்தாள். கையில் சிவப்பு வண்டி. மண் அப்பியிருந்த அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டாமல், தன் மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்தாள். பின்சக்கரத்தின் நட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள்.

"இப்ப டைட்டா இருக்கு."

"நான்தான் திருகுனேன்."

"மேலேர்ந்து பாத்தா தெரியல."

"என்னா தெரியல?"

"கையில வச்சிக்கிட்டு நின்ன மாதிரிதான் தெரிஞ்சிச்சு."

கூடாரத்திலிருந்து நூர்ஜான் சாப்பிட வரச் சொல்லிக் கை காட்டினாள். நவமணி அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள், எழுந்திருக்கவில்லை. வண்டியைச் சற்று உயர்த்திப் பிடித்து, வலது பின்சக்கரத்தை ஒரு விரலால் முன்பக்கமாகச் சுண்டிவிட்டாள். அந்த வண்டிகளின் அமைப்பு அப்படி: ஒரு சக்கரம் முன்னால் சுழன்றால், யாரும் தொடாமலே மறுபக்கச் சக்கரம் பின்னால் சுழலும். இரண்டும் சுழன்றன. காய்ந்த செம்மண் உதிர்ந்து அவள் சீலை மடிப்பில் விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து, சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.